மணிக்கட்டுக்கு மார்க்

கண்ணாடிக்காரரின் வலது மணிக்கட்டு ஐந்துக்குப் பூஜ்யம் வாங்கிய அன்று சாயங்காலம்தான், அவருடைய மகள் போனில் கூப்பிட்டு, "அப்பா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க" என்றாள். காலையில் ஃபெயில், மாலையில் பதவி உயர்வு. மனிதர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சிரித்த சிரிப்பில் போன் நழுவிச் சாம்பாருக்குள் விழப் பார்த்தது. அவர் மனைவி தாவிப் பிடித்தாள்.

"தாத்தாவாம்! ஒரு போன பிடிக்கத் துப்பில்ல, பேரப்பிள்ளைய எப்படிப் பிடிக்கப் போறீங்க?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். அளவெடுத்து, வெட்டி, மாடிக்கு மாடி தூக்கிப்போய் சட்டத்துக்குள் உட்கார வைப்பார். பள்ளிக்கூடத்தில் அவருக்கு எதுவும் ஏறவில்லை. ஏறாததால் சீக்கிரமே அது அவரை இறக்கிவிட்டது. ஆனால் கண்ணாடி விஷயத்தில் ஆள் கெட்டி. ஆளுயரக் கண்ணாடியைக் கொடுத்தால், முதலில் விரல் முட்டியால் ஓரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். சத்தம் சுத்தமாக வந்தால்தான் கை வைப்பார். கொஞ்சம் கரகரத்தாலும், "இது உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருக்கு, திருப்பி அனுப்பு" என்பார். அப்படிப்பட்டவருக்கும் ஒரு நாள் சறுக்கியது. ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் பொருத்திக்கொண்டிருந்த கண்ணாடி, சட்டம் கோணலாக இருந்ததால் பாதியில் உடைந்தது. ஒரு துண்டு வழுக்கி வந்து முழங்கைக்கு மேலே, கையின் வெளிப்பக்கத்தை ஆழமாகப் பிளந்துவிட்டுப் போனது.

உயிருக்கு ஆபத்தில்லை. எலும்பும் தப்பித்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கச் சொல்லி மூளையிலிருந்து சேதி கொண்டுவரும் நரம்பு அறுந்துவிட்டது. பெரிய டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து அதைத் தைத்துச் சேர்த்தார். காயம் ஆறியது. கை மட்டும் மணிக்கட்டோடு தொங்கிப்போய், யாரோ திட்டியதால் தலை குனிந்து நிற்பதுபோல நின்றது. விரல்களை மடக்க முடிந்தது. மடக்கினதைத் திறக்கவோ, கையை நிமிர்த்தவோ முடியவில்லை.

"வயரத்தான் ஜாயின் பண்ணிட்டீங்களே டாக்டர், பின்ன ஏன் லைட் எரியல?" என்று கேட்டார்.

"இது வயர் இல்லீங்க, கொடி மாதிரி. அறுந்த இடத்துக்குக் கீழ இருந்தது பட்டுப்போச்சு. தைச்ச இடத்துலேர்ந்து புதுசா வளர்ந்து கீழ வரணும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்."

டாக்டர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். மற்றவர்களுக்கு அதைக் கேட்டதும் முகம் விழுந்துவிடுமாம். கண்ணாடிக்காரருக்கோ முகம் மலர்ந்தது. மில்லிமீட்டர் என்பது அவர் வீட்டுச் சொத்து! காலமெல்லாம் அவர் சோறு தின்றதே அதில்தான். ஒரு மில்லிமீட்டர் கூடினால் கண்ணாடி சட்டத்துக்குள் போகாது, குறைந்தால் காற்றில் ஆடும். வீட்டுக்கு வந்ததும் இரும்பு டேப்பை இழுத்து, தழும்பிலிருந்து முழங்கைக்குக் கீழே இருக்கும் சதை வரைக்கும் அளந்து பார்த்துவிட்டு, "அட, இவ்வளவுதானா! வந்துடும்டி!" என்று மனைவியிடம் கூவினார்.

பிசியோதெரபி அறையில்தான் பூஜ்யம் விழுந்தது. அங்கே இருந்த பெண்ணுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கறாரான பெண். அவர் கையை மேஜையில் குப்புற வைத்து, உள்ளங்கையை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, "கைய மேல தூக்குங்க ஐயா" என்றாள்.

அவர் பல்லைக் கடித்தார். தோளைத் தூக்கினார். புருவத்தையும் தூக்கினார். கையைத் தவிர எல்லாம் மேலே போனது.

"சரி, விடுங்க. பூஜ்யம்" என்று எழுதிக்கொண்டாள். "அஞ்சு வரைக்கும் மார்க் இருக்கு. சதை லேசா துடிச்சா ஒண்ணு. பாரம் இல்லாம, பக்கவாட்டுல நகர்ந்தா ரெண்டு. இப்படியே குப்புற இருந்து, கையோட சொந்த கனத்தையே தூக்கிட்டா மூணு. நான் மேலேர்ந்து கொஞ்சம் அமுக்கியும் தூக்கினா நாலு. பழைய பலம் வந்தா அஞ்சு."

"பாஸ் மார்க் எத்தனை டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்ல, பிசியோ. மூணு வாங்குங்க, பாஸ்னு நானே சொல்றேன்."

அன்று சாயங்காலம்தான் மகளின் போன் வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே அவர் அறிவித்துவிட்டார். "மூணு மார்க் வாங்கி, இந்தக் கையாலதான் பிள்ளையத் தூக்குவேன். அதுவரைக்கும் தொட மாட்டேன்."

"ஏன், இடது கைக்கு என்ன கேடு?"

"ஒத்தைக் கையால யாராச்சும் கண்ணாடி தூக்குவாங்களா?"

"நான் பெத்த பொண்ணு கண்ணாடியா பெக்கப் போறா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மனிதர் முடிவெடுத்தால் சட்டத்தில் உட்கார்ந்த கண்ணாடி மாதிரி. அசைக்க முடியாது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பந்தயம் நடந்தது. மகள் வயிற்றில் பிள்ளை ஒரு பக்கம் வளர்ந்தது. அப்பா கைக்குள் நரம்பு ஒரு பக்கம் வளர்ந்தது. மகளும் மருமகனும் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார்கள். மகள் தினமும் வருவாள், வந்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "என் ஆளு உதைக்க ஆரம்பிச்சாச்சு. உங்க ஆளு எங்க இருக்காரு?" என்பாள்.

அவருடைய ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிக்கவும் ஒரு வழி இருந்தது. பிசியோ பெண் தழும்பிலிருந்து கீழ்நோக்கி விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வருவாள். ஓரிடத்தில் சுரீரென்று மின்சாரம்போல ஒரு கூச்சம் புறங்கைவரை ஓடும். அதுவரைக்கும் நரம்பின் நுனி வந்துவிட்டது என்று கணக்கு. முதல் தடவை அது நடந்தபோது கண்ணாடிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நான் கண்ணாடியத் தட்டிப் பாக்கற மாதிரியே தட்டறியேம்மா! உள்ள விட்டிருக்கா?"

"இல்லீங்க, உள்ள சேந்திருக்கு."

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து, தானே தட்டிப் பார்த்து, சுரீரென்ற இடத்தில் கண்ணாடியில் கோடு போடும் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். பழைய கோடும் புதுக்கோடும் கையில் படிப்படியாக இறங்கின. தன் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சட்டையை மடித்துக் காட்டினார். "போன மாசம் இங்க. இப்ப பாருங்க, இங்க!" மைத்துனர்தான் அப்போது கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, வர்றவங்க ஜன்னலுக்கு அளவு சொல்ல வர்றாங்க. நீங்க கைக்கு அளவு சொல்லி அனுப்பறீங்க" என்று அலுத்துக்கொண்டார்.

கோடு முழங்கையைத் தாண்டிய பிறகு ஒரு நாள், பிசியோ பெண் அவர் முன்கைச் சதையின் மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, "தூக்குங்க" என்றாள். கை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் கண் அகன்றது.

"இன்னொரு தடவை."

அவர் மூச்சைப் பிடித்தார்.

"துடிக்குது ஐயா! விரலுக்கு அடியில ஒரு சின்னத் துடிப்பு. நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் இடது கை விரலை வைத்துப் பார்த்தார். தோலுக்கு அடியில் எதுவோ ஒரு கணம் இறுகித் தளர்ந்தது. பக்கத்து மேஜையில் வெட்டுப்பட்ட விரல்களுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்த பேக்கரிக்காரரும் எழுந்து வந்து தொட்டுப் பார்த்தார்.

"அண்ணே, வயித்துல பிள்ளை அசையற மாதிரியே இருக்கு!"

"ஒண்ணு!" என்று கண்ணாடிக்காரர் வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "ஒரு மார்க்!" வெளியே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், தனக்குத்தான் டோக்கன் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

அடுத்து இரண்டும் வந்தது. அதற்குக் கையைக் குப்புற வைக்காமல், கட்டைவிரல் மேலே பார்க்கும்படி பக்கவாட்டில் வைத்தார்கள். வழவழப்பான பலகை, மேலே பவுடர். கையின் கனம் பலகைக்கு, நகர்த்துவது மட்டும் சதைக்கு. கை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு போனது.

"ஸ்லைடிங் ஜன்னல்!" என்று அவர் குதித்தார். "தூக்கறதுக்குத்தான் ரெண்டு ஆள் வேணும். சட்டத்துல விட்டா சின்னப் பிள்ளை தள்ளும். புரிஞ்சு போச்சு!"

ஆனால் பந்தயத்தில் பிள்ளை முந்திக்கொண்டது. கை இரண்டில் நிற்கும்போதே பேத்தி பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரி அறையில் எல்லோரும் மாறி மாறித் தூக்கினார்கள். சம்பந்தி தூக்கினார், மைத்துனர் தூக்கினார், வழி தவறி வந்த நர்ஸ் கூடத் தூக்கினார். கண்ணாடிக்காரர் கட்டிலின் கால்மாட்டில், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூக்கு அவர் மூக்கு. யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். அவர் அந்த மூக்கையே பார்த்தார்.

"அப்பா, உக்காந்து மடியில வச்சுக்கோங்களேன்" என்றாள் மகள்.

"வேணாம்மா. என் முறை வரட்டும்."

ராத்திரியெல்லாம் கையைக் குப்புற வைத்துக்கொண்டு பேசிப் பார்ப்பார். கை கேட்காது. அப்புறம்தான் இடி விழுந்தது. மருமகனுக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டு மாதத்தில் மூன்று பேரும் கிளம்புகிறார்கள், திரும்பி வர எப்படியும் இரண்டு வருடம் ஆகும். திரும்பி வரும்போது பேத்தியைத் தூக்க என்ன இருக்கும்? அவளே ஓடி வருவாள்.

அவசரம் பிடித்தால் கையும் குறுக்கு வழி தேடும். ஒரு நாள் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்த்தார். விரல்களை இறுக்கி முஷ்டி பிடித்துச் சட்டென்று தளர்த்தினால், மணிக்கட்டு துள்ளி மேலே வந்தது! இன்னொரு தடவை செய்தார். வந்தது. பாதி முகத்தில் நுரையோடு வெளியே ஓடிவந்து, "தூக்கிட்டேன்! மூணு! மூணு மார்க்!" என்று வீட்டையே கூட்டினார்.

மனைவி பார்த்தாள். அவளுக்கும் நம்பிக்கையாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மொதல்ல மூஞ்சிய முடிங்க. பாதித் தாத்தாவா நிக்கறீங்க."

பேத்தியைத் தொடுமுன் ஒத்திகை பார்ப்பதுதான் முறை. மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, பேத்தி எடைக்கு ஒரு கோதுமை மாவுப் பையை எடுத்து, துண்டில் சுற்றி, தலை எது கால் எது என்று முடிவு செய்து, கட்டிலில் படுக்க வைத்தார். குனிந்தார். இடது கை அடியில் போனது. வலது கை முஷ்டி பிடித்துத் துள்ளி, திறந்து, பையின் தலைப்பக்கம் போனது. நெஞ்சுயரம் தூக்கினார். "யாரு, தாத்தாவா?" என்று மாவுப் பையைக் கேட்டார். கேட்டு முடிக்குமுன் வலது மணிக்கட்டு மடங்கித் தொங்கியது, பையின் தலை சாய்ந்து தரையில் மோதிப் பிளந்தது.

மனைவி கதவைத் திறந்தபோது, அவர் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றுகொண்டிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. மாவு அப்பிய முகத்தில் கண்ணுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு சுத்தமாக இருந்தது. அவள் துண்டை எடுத்து உதறி அவர் தலையைத் துடைத்தாள். "மாவுதானே, விடுங்க. சலிச்சு எடுத்துக்கலாம்."

மறுநாள் பிசியோ அறையில் அந்தத் துள்ளலைச் செய்து காட்டினார். முன்பிருந்த உற்சாகம் இல்லை. பிசியோ பெண் சதையின் மேல் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

"இது கை செய்யற ஏமாத்து வேலை ஐயா. நீங்க விரல இறுக்கி மடக்கும்போது மேல் பக்கத் தசைநாரெல்லாம் இழுபடுது, விட்டா கை எகிறுது. தூக்கற சதை இதுல வேலையே செய்யல. இதுக்கு மார்க் கிடையாது."

"காப்பியடிச்சதா?"

"நீங்க இல்ல, உங்க கை." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எதுக்கு இவ்வளவு அவசரம்?"

சொன்னார். மகள் கிளம்பும் தேதி, மாவுப் பை, எல்லாம். அவளுக்கு ஆச்சரியமாகிவிட்டது. "உக்காந்துக்கிட்டு, மணிக்கட்டு தொங்காம இருக்கப் பட்டையும் போட்டுக்கிட்டு, உள்ளங்கை மேல பாக்கற மாதிரி வச்சா நீங்க என்னைக்கோ பிள்ளைய வாங்கியிருக்கலாமே!"

"தெரியும்மா. என் பொண்ணும் சொன்னா." அவர் தன் கையைப் பார்த்தார். "ஆனா நிச்சயமில்லாத கைய ஒரு கண்ணாடிக்குக் கீழ நான் குடுத்ததில்ல. என் பேத்திக்குக் குடுப்பனா?"

அவள் விரல் மடக்காமல் தூக்கும் பயிற்சி கொடுத்தாள். அங்கேதான் வில்லங்கம். குறுக்கு வழி பழகிய கை, நேர் வழிக்கு வர மாட்டேன் என்றது. தூக்கு என்றால் முதலில் விரல் மடங்கியது. கடையில், சாப்பாட்டு மேஜையில், பஸ்ஸில் என்று எங்கே உட்கார்ந்தாலும் கையைத் தொங்கவிட்டு, "விரல விடு, விரல விடு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் கடைசிச் சோதனை. வீடு முழுக்கப் பெட்டிகள், பிள்ளையை வைத்துக்கொள்ள ஆளில்லை. மகளும் மனைவியும் பேத்தியோடு அவர்கூடவே வந்துவிட்டார்கள். பேக்கரிக்காரரும் இருந்தார். அறை நிறைந்துவிட்டது. மகள் மேஜைக்கு எதிரே, பிள்ளையை மடியில் சாய்த்து உட்கார்ந்தாள்.

"தூக்குங்க ஐயா."

விரல் மடங்கியது.

"மடக்காதீங்க. இன்னொரு தடவை."

மறுபடியும் மடங்கியது. அவர் நெற்றியில் வேர்வை. பேக்கரிக்காரர், "அண்ணே, நிதானம்" என்றார்.

மேஜை விளிம்பில் தொங்கிய கை, பேத்தியின் முகத்துக்கு நேரே இருந்தது. அவள் இரண்டு கைகளையும் வீசி வீசி விளையாடிக்கொண்டிருந்தாள். வீசியதில் ஒரு கை அவருடைய ஆள்காட்டி விரலில் பட்டது. பட்டதும் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் பிடித்தால் உடும்புப் பிடிதானே!

"ஐயோ, பாப்பா, விடு விடு" என்று மகள் விலக்கப் போனாள்.

"இருங்க!" என்றாள் பிசியோ. அவள் பார்வை அவர் விரல்களில் இருந்தது. அந்தப் பொடி விரல்கள் நசுங்கிவிடுமோ என்ற பயத்தில், கண்ணாடிக்காரரின் விரல்கள் எல்லாம் தளர்ந்து, மடங்கவே மாட்டேன் என்று நின்றன. அவள் மெதுவாகத் தன் விரல்களை அவர் முன்கைச் சதையில் வைத்தாள். "இப்ப தூக்குங்க."

அவருக்கு முஷ்டி பிடிக்க வழியில்லை. இருந்த ஒரே வழியில் தூக்கினார்.

புறங்கை மெல்ல அசைந்தது. மேஜை மட்டத்துக்கு வந்தது. நடுங்கியது. நிற்கவில்லை, இன்னும் போனது, மட்டத்தைத் தாண்டி நிமிர்ந்தது. கூடவே பேத்தியின் கையும் ஊஞ்சலேறியதுபோல மேலே போனது. அவள் வாயைத் திறந்து பார்த்தாள்.

"சதை! சதைதான் தூக்குது!" பிசியோ பெண்ணின் கறாரெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "வச்சிருங்க, வச்சிருங்க, அப்படியே வச்சிருங்க... இறக்குங்க. இன்னொரு தடவை!"

இன்னொரு தடவையும் ஏறியது. மூன்றாவது தடவையும்.

"மூணு! பாஸ்!"

"சும்மா மூணா?" பேக்கரிக்காரர் சண்டைக்கு வந்தார். "பிள்ளை தொங்கிக்கிட்டு இருந்துச்சேம்மா! அந்த கனத்துக்கு மார்க் இல்லையா?"

"சரி, மூணு பிளஸ். அப்படியும் ஒரு மார்க் இருக்கு, பொய்யில்ல."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க வாழ்க்கையிலேயே முதல் பிளஸ்" என்றாள்.

கண்ணாடிக்காரர் யாரையும் பார்க்கவில்லை. சட்டையில் கைகளைத் துடைத்துக்கொண்டார். "குடும்மா" என்றார் மகளிடம்.

"தலை, தலையப் பாத்து" என்றாள் மனைவி. "இடது கை கழுத்துக்கு. இந்தக் கை முதுகுக்கு அடியில."

மகள் பிள்ளையை மெல்ல அவர் கைகளுக்கு மாற்றினாள். பிசியோ பெண் அவர் வலது மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் கீழே தன் கையைக் காவல் வைத்திருந்தாள். அது தேவைப்படவில்லை. மணிக்கட்டு தளரும்போதெல்லாம் அவர் அதை நிமிர்த்திக்கொண்டார். நிமிர்ந்தது. அவர் பிள்ளையை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். அவள் கொட்டாவி விட்டாள். எதிர்பார்த்ததை விடச் சூடாக இருந்தாள், எதிர்பார்த்ததை விட லேசாக இருந்தாள், பால் வாசனை அடித்தது. மனிதர் ஆடாமல் அசையாமல், காற்றுகூடப் படக்கூடாது என்பதுபோல நின்றார்.

கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த டோக்கன்காரர் கதவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெட்டி கட்டவேண்டிய வேலை பாக்கி இருந்தது.

"அப்பா, குடுங்க" என்றாள் மகள். "பால் குடுக்கற நேரம். பசிக்கும் அவளுக்கு."

"கேட்டுட்டேன்" என்றார் அவர். "பசிக்கலயாம்."